டீச்சர் வீட்டு வெள்ளைப் பூனை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பாதியில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அரியலூரில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரே காம்பவுண்டில் மூன்று வீடு. நடுவில் வீட்டுக்கார அம்மா, பின்னால் நாங்கள். முன் போர்ஷன் காலியாகக் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு சிமெண்டு பேக்டரியில் வேலை. பகலெல்லாம் தனியாக இருக்கிறேன் என்று என் அண்ணன் செட்டிகுளத்திலிருந்து ஒரு செவலைக் கோழியைக் கொண்டுவந்து கொடுத்தார். கூப்பிட்டால் மடியில் ஏறி உட்காரும். எட்டு நாள் ஆகவில்லை, வீட்டுக்கார அம்மா வந்து நின்றார்.

"இந்தா பொண்ணு, குடி வரப்பவே சொன்னேன்ல, கோழி நாயி பூனை ஒண்ணும் ஆவாதுன்னு? கோலம் போட்டு நிமிரல, சீச்சி வச்சிருக்கு."

"கட்டிப் போட்டுக்கறேங்க."

"அதெல்லாம் வேணாம். ஒண்ணு கோழி இருக்கணும், இல்ல நீ இருக்கணும்."

எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. அண்ணன் வந்து கோழியைக் கூடையில் மூடி பஸ்ஸில் எடுத்துப் போனார்.

அடுத்த மாதம் முன் போர்ஷனுக்கு ஒரு டீச்சர் வந்தார். தனி ஆள். கூடவே ஒரு வெள்ளைப் பூனை, இடது காது மட்டும் கறுப்பு. இப்போது விரட்டுவார் பார் என்று துணி துவைக்கிற கல்லில் காத்திருந்தேன். வீட்டுக்கார அம்மாவோ, "டீச்சரம்மா வளக்குறது, சுத்தமா இருக்கும்" என்று கொட்டாங்கச்சியில் பால் ஊற்றினார். சாயங்காலம் டீச்சர் வாரப் பத்திரிகைக் கதையைப் படிக்க, இவர் காலை நீட்டிக்கொண்டு கேட்பார். பூனை இவர் மடியில் கிடக்கும். நான் தண்ணீர்க் குடத்தோடு தாண்டிப் போவேன். "உக்காருங்கக்கா" என்று டீச்சர் சொல்வார். வீட்டுக்கார அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் காலை வீட்டுக்கார அம்மாவின் அடுப்படியில் தயிர்ச்சட்டி உருண்டது. மருமகன் வருகிறார் என்று உறை ஊற்றி வைத்த தயிர். ஜன்னலில் குதித்து ஓடியது தெருவில் திரிகிற சாம்பல் நிறக் கடுவன் பூனை. என் கண்ணால் பார்த்தேன்.

"எந்தப் பூனைடி அது?"

"வெள்ளையா இருந்துச்சுங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். உடனே முன் போர்ஷனில் சத்தம். "டீச்சராச்சேன்னு வுட்டேன். ஒண்ணு பூனை இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்." எனக்குச் சொன்ன அதே பேச்சு. கேட்க இனித்தது. ஆனாலும் அவருக்கு மட்டும் 'நீங்க'.

டீச்சர் என்னிடம்தான் வந்தார். "அக்கா, நடு வருஷத்துல வேற வூட்டுக்கு எங்க போவேன்? நீங்களே இதை நல்ல எடமா பாத்து விட்டுட்டு வாங்க. என்னால ஆகாது."

எங்கள் பக்கத்தில் பூனையைக் கோணியில் கட்டி மூன்று சுற்றுச் சுற்றி விடுவார்கள். திசை தப்பி, திரும்பாது என்பார்கள். சிமெண்டு வந்த பழைய கோணியில் போட்டு, தண்டவாளம் தாண்டி சுண்ணாம்புக்கல் குழிப் பக்கம் கொண்டுபோனேன். மூன்றுக்கு ஐந்தாகச் சுற்றினேன். அவிழ்த்ததும் தூள் அப்பிய உடம்போடு தள்ளாடி ஓடியது.

டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். "ரொம்ப உதவி பண்ணீங்கக்கா" என்று என் கையைப் பிடித்தார். நான் கையை உருவிக்கொண்டேன்.

அவர் போன நாலாம் நாள் பூனை வந்துவிட்டது. எலும்பும் தோலுமாக, பூட்டிய முன் கதவில் மூக்கை வைத்துக் கத்தியது. நான் பால் வைத்தேன். குடித்துவிட்டு மறுபடி அந்தப் படிக்கே போய்ப் படுத்தது.

வீட்டுக்கார அம்மா பார்த்தார். "கெடக்கட்டும் வுடு, பாவம், டீச்சரம்மாவத் தேடுது" என்றார்.

என் கோழிக்கு அந்தப் பாவம் கிடைக்கவில்லை. என் கோழி என்னைத் தேடி வரவும் இல்லை.

டீச்சர் போனது பெரம்பலூரா, வாலிகண்டபுரமா என்று நினைவில்லை. கறுப்புக் காது இடதா வலதா என்பதும் இப்போது சந்தேகம். தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சரிபார்க்க வேண்டும். டீச்சர் இருந்தால், பூனை திரும்பி வந்தது என்று சொல்லுங்கள். தயிரைத் தின்றது கடுவன் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வராது.