முதுகில் பூசிய எண்ணெய்

முழங்கையிலும் முதுகிலும் செதில் செதிலாகத் தோல் உரிய ஆரம்பித்ததும் திண்டுக்கல்லில் ஊசி, மாத்திரை, களிம்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. நிற்கிற மாதிரி நின்று மறுபடி கிளம்பும். சோரியாசிஸ் என்றார்கள். பேர் தெரிந்து என்ன, அரிப்பு குறையவா போகிறது?

செம்பட்டியில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மா இருப்பதை விசாரித்து என்னைக் கூட்டிப்போனது மதினி, என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் வைத்தியத்துக்கு யாரும் தனியாகப் போவதில்லை. துணைக்கு வருகிறவர் உள்ளேயும் வந்து உட்கார்ந்துகொள்வார், நோயாளியைவிட அதிகமாகப் பேசுவார். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

டாக்டரம்மா நாடி பார்த்து, பித்தம் ஏறி ரத்தத்தைக் கெடுத்திருக்கிறது என்றார். பிறகு, "மனசுல என்னத்தப் போட்டு வச்சிருக்கீங்க? அதுவும் தோல்லதான் தெரியும்" என்றார். யாரிடமும் சொல்லாததை அங்கே சொல்லி அழுதேன். என் தோலைப் பார்த்துவிட்டு என் மகனுக்கு யாரும் பெண் கொடுக்காமல் போய்விடுவார்களோ என்ற பயம்தான்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூறுகெட்டவளே, இம்புட்டுக்கா அழுவுற? எம்மக உம்மகனுக்குத்தான்."

அவள் மகளுக்கு நான் அத்தை. என் மகன் முறைப்பையன்.

இந்த நோய் தொட்டால் ஒட்டாது என்றார் டாக்டரம்மா. "பிள்ளைகளுக்கு வருமா டாக்டர்?" என்று மதினிதான் கேட்டாள். "சிலருக்கு வரலாம், பல பேருக்கு வராது." எனக்காகக் கேட்கிறாள் என்று உருகிப்போனேன்.

வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கத்தரிப்பூ நிறத்தில் தைலம் இறங்கும். மதினியே தன் மாடியில் வைத்து இறக்கினாள். காலையில் வந்து, என் கை எட்டாத நடுமுதுகில் வெறுங்கையால் பூசிவிடுவாள். பத்தியம் என்று எனக்குக் கத்தரிக்காயும் கருவாடும் விலக்கானபோது அவளும் விட்டாள். "நீ வாயக் கட்டிக்கிட்டு இருக்கையில நான் மட்டும் திங்கவா?" என்றாள்.

தோல் ஆறியது. தைலமா, அவள் கொடுத்த வாக்கா என்று கேட்டால் வாக்கு என்றுதான் சொல்வேன்.

தை பிறந்ததும் அண்ணன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். முறைப்பையன் இருக்கும்போது பெண்ணை அசலில், அதாவது வெளியாருக்குக் கொடுப்பதானால் அத்தைக்குத் தட்டு வைத்துச் சம்மதம் கேட்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை ஒட்டன்சத்திரம் என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஏண்ணே?"

"உம்மதினிதான் ஒத்துக்க மாட்டேங்குறா தாயி. பேரன் பேத்திக்கும் வந்துருமோன்னு பயப்படுறா. டாக்டரம்மாவே சொல்லுச்சாம்ல."

முந்தின நாள் காலையில்கூட அவள் எனக்கு எண்ணெய் பூசிவிட்டுத்தான் போயிருந்தாள். "நல்லா ஆறிருச்சு புள்ள" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள். மகளைக் கொடுக்கப் பயமென்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பெற்றவளுக்கு வருகிற பயம் எனக்குப் புரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து என் பயத்தைக் கேட்டாள், அப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்தாள், கடைசியில் அதையே எனக்கு நடத்திக் காட்டினாள். துரோகம் என்பதைத் தவிர இதற்கு வேறு பேர் எனக்குத் தெரியவில்லை.

தட்டை வாங்கிக்கொண்டேன். அண்ணன் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரமே அரிப்பு திரும்பியது. செம்பட்டிக்குத் தனியாகப் பஸ் ஏறினேன்.

"கூட வருவாங்களே, அவங்க வரலையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வேலையா இருக்காங்க."

"மனசுல ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

அவர் என் முழங்கையைப் பார்த்தார். அதே தைலம், அதே பத்தியம் என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது நானே மாடியில் தைலம் வைக்கிறேன். முழங்கை ஆறிவிட்டது. முதுகுக்குப் பூசிவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் பாட்டிலோடு வந்து நிற்கிறார். நான் விடுவதில்லை. பின்னாலிருந்து ஒரு கை பட்டாலே உடம்பு கூசுகிறது. என் கை எட்டாத அந்த இடம் மட்டும் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது.