பானெட் ஓரத்து ரப்பர்

டர்போ காருக்குச் சூடு ஏறினால் இழுக்காது. சிறுசேரியில் ஆபீஸ் விட்டு வெளியே வந்தால் சிக்னலுக்குச் சிக்னல் நின்றே வேகும். அதற்குப் பிறகு மிதித்தால் மாட்டு வண்டிதான். வேகத்துக்கென்றே வாங்கிய வண்டி அது. ஷேர் ஆட்டோ முந்திக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் சைலன்சர் பைப்பில் சூடு தாங்கும் நாடாவைச் சுற்றினேன். போதவில்லை. பிறகு பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் வாஷர்களைக் கொடுத்து, முன்கண்ணாடிப் பக்கம் விரல் நுழையும் அளவுக்கு அதைத் தூக்கினேன். அந்த இடைவெளியை ஒரு கறுப்பு ரப்பர் பட்டை அடைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கி மூலையில் எறிந்தேன். கம்பெனிக்காரன் அதை எதற்கு வைத்தான் என்று யோசிக்கவே இல்லை. வண்டி நிற்கும்போது இடைவெளி வழியாக அனல் மேலே வந்தது. எங்கள் செங்கல்பட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போவோம். மாமியார் மீன் விற்கிறவர். திரும்பும்போது மீன் ஏற்றாமல் விடமாட்டார். ஐஸ் உருகிக் கால்மிதியில் ஓடும். அந்தக் கவிச்சி உள்ளேயே சுற்றக் கூடாது என்று ஏசியை வெளிக்காற்று இழுக்கும்படியே வைத்திருப்பேன். டர்போ சத்தம் கேட்க வேண்டுமே, அதனால் என் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியிருக்கும். ஏசிக் காற்று முழுக்க அவள் முகத்தில்தான் அடிக்கும்.

பானெட்டைத் தூக்கிய பிறகுதான் அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. திருக்கழுக்குன்றம் நெரிசலைத் தாண்டுவதற்குள் நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓரமாக வாந்தி எடுப்பாள்.

"பஸ்ல போனா ஒண்ணும் ஆவல. உன் வண்டில ஏறுனா மட்டும் வயித்தப் பெரட்டுது, அது இன்னா?"

"உங்க அம்மா ஏத்தி வுடுற மீனு நாத்தம் சீட்டுல ஊறிக் கீது. அதான்."

"மீனு நாத்தத்துலயே பொறந்து வளந்தவ நானு. எனுக்கு அது பெரட்டுமா?"

நியாயமான கேள்வி. போகும்போதே வாந்தி எடுத்தாள். போகும்போது வண்டியில் மீன் ஏது? அந்தக் கணக்கும் என் மண்டையில் ஏறவில்லை. பழி போட ஒரு மீன் இருந்தது, போட்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு ஞாயிறு மாமியார் சங்கரா மீனைக் கழுவி, டப்பாவில் ஐஸ் போட்டுத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தார். குழாயடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்.

"இனிமே மீனு குடுக்காதீங்கத்த. வண்டியே நாறுது. உங்க பொண்ணு வாந்தி எடுத்துகினு வர்றா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தார். "செரி மாப்ள" என்று சொல்லி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மனைவி வண்டியில் ஏறவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் வந்தவள்தான், அதற்குப் பிறகு அம்மா வீட்டுக்கு பஸ்ஸிலேயே போனாள், பஸ்ஸிலேயே வந்தாள். மீன் மட்டும் வரவில்லை.

மழைக்காலம் வந்தது. சிறுசேரியிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. வேறு வழியில்லாமல் என் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றினேன். கேளம்பாக்கத்தில் வண்டிகள் நகரவில்லை. பானெட்டில் விழுந்த தண்ணீர் உள்ளே சூட்டில் பட்டு, பின்னோரத்து இடைவெளியில் வெள்ளையாக ஆவி வந்தது. மேலே போகும் என்று பார்த்தேன். போகவில்லை. வளைந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடைக்குள் நேராக நுழைந்தது. ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் வழி அதுதான். கொஞ்ச நேரத்தில் கருகிய எண்ணெய் வாடை. நெற்றிப்பொட்டில் வலி. வயிறு புரட்டியது.

இன்ஜின் புகை அந்தச் சல்லடைப் பக்கம் போகாமல் தடுக்கத்தான் அந்த ரப்பர். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புகையைப் பெண்டாட்டி முகத்தில் ஊதிவிட்டு, அவள் அம்மாவின் மீனைத் திட்டியிருக்கிறேன். என் செருப்பால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரைத் தேடி மாட்டினேன். வாஷர்களைக் கழற்றினேன். மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? குழாயாண்ட சொன்னத குழாயாண்ட வந்து சொல்லு."

அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். அவளும் பஸ்ஸில் வந்திருந்தாள். குழாயடியில் ஆள் இருக்கும்போதுதான் சொன்னேன். "மீனால இல்லத்த. நான் வண்டிய நோண்டுனதுல வந்த வெனை."

மாமியார் சிரித்தார். "வுடு மாப்ள. மீனுன்னா நாறத்தான் செய்யும்." உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்தார். நான் கையை நீட்டினேன். அதை மகளிடம் கொடுத்தார்.

அவள் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சி, ஏறு" என்றேன்.

"வண்டி சரியாயிடுச்சி. நானும் மீனும் பஸ்ல வர்றோம். நீ உன் சூட்டோட வா."

அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது நின்றது. நானும் நின்றேன். வண்டி சூடாகிக்கொண்டே வந்தது. செங்கல்பட்டு வரை முந்தவில்லை.