புடவையில் இல்லாத கறை

பட்டுப் புடவையில் குறை கண்டுபிடிப்பதில் ஆரணியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே பீற்றிக்கொள்வேன். தறிக்காரர்களிடம் வாங்கி, கைப்பேசி நேரலையில் காட்டி விற்பது என் தொழில். என் கண்ணில் தேறாத புடவை வெளியே போகாது.

அன்று, வழக்கமாகத் தரும் தறிக்காரர் கொண்டுவந்த வெந்தய நிறப் புடவையை மேசையில் விரித்தேன். நட்டநடுவில் கரும்பழுப்பாக ஒரு கறை. எனக்கு வந்ததே கோபம்!

"கறையோட எடுத்துகினு வந்து நிக்கிறீங்களே!"

அவர் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எங்கக்கா கீது? நீங்களே தொட்டுக் காட்டுங்க."

விரலை வைத்தேன். கறை விரல்மேல் ஏறியது. முந்தானையில் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. பிறகு சுவரில். நிமிர்ந்தால் அவர் முகத்தில், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில். இடது கண்ணை மூடினேன், கறை போய்விட்டது. திறந்தேன், வந்துவிட்டது. கறை புடவையில் இல்லை, என் கண்ணில்தான் என்று அவரிடம் சொன்னேன்.

"ஜல்தியா கண்ணு டாக்டராண்ட போங்கக்கா" என்றார்.

மருந்து விட்டுப் பார்த்த கண் டாக்டரம்மா, உள்ளே ரத்தம் கசிந்திருப்பதாகச் சொன்னார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் எனக்கில்லை என்றதும் அவர் முகம் மாறியது. "அப்போ ரத்தத்தை டெஸ்ட் பண்ணணும். இன்னைக்கே."

வேலூரில் எலும்பு மஜ்ஜைவரை சோதித்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பல மாதமாக இடது விலாவுக்குக் கீழே கனத்துக்கொண்டிருந்ததை வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அது வீங்கிய மண்ணீரலாம்!

கண்ணும் போய் உயிரும் போகப்போகிறது என்று வாய்விட்டு அழுதேன். ஆனால் இந்த வகைக்கு மாத்திரை உண்டு, தினமும் விடாமல் போட்டால் அடங்கும் என்றார்கள். விடுவேனா? ஒருநாள்கூடத் தவறவில்லை. ரத்த அணுக்கள் கட்டுக்குள் வந்தன. கரும்பழுப்புக் கறை டீ நிறமாகி, வெளிறி, ஒரு காலையில் காணாமலே போயிற்று.

அந்த வெந்தய நிறப் புடவையைத் தறிக்காரர் யாருக்கும் விற்காமல் வைத்திருந்தார். வாங்கி விரித்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஜரிகைக் கரையோரம் ஓர் இழை விட்டுப்போயிருந்தது.

"இங்க பாருங்க, ஒரு இழை காணோம்!" சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். தன் நெசவில் குறை சொன்னால் முகம் சுருங்குகிற மனிதர், அன்றைக்குக் கண் கலங்கச் சிரித்தார்.

"ஆமாக்கா, குறை கீது."

அடுத்த நேரலைக்கு அதையேதான் கட்டிக்கொண்டு நின்றேன்.