மைக்கில் மூன்று சொல்

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் மைக்கில் பேசும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." அதற்கே நான் திணறினேன்.

இடது மார்பில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர் கொடுக்கும்போது பக்கத்திலேயே இதயம் இருக்கிறதே என்ற கவலை உண்டு. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, இதயம் கொஞ்சம் விலகிக்கொள்ளும். அந்தச் சில விநாடிகளில் கதிரைக் கொடுக்க வேண்டும். நோயாளி உள்ளே தனியாகப் படுத்திருப்பார். கனத்த கதவுக்கு வெளியே நாங்கள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். அவருக்குத் துணை எங்கள் குரல் மட்டும்தான்.

என் குரலைக் கேட்டதும் சீனியர் மேடம் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, துக்கம் விசாரிக்கிற மாதிரி? வீட்ல போய் சத்தமா சொல்லிப் பழகு."

மேனாம்பேட்டில் எங்கள் வீடு ஒன்றரை அறை. அன்று சாயங்காலமே அப்பாவைக் கட்டிலிலும் அம்மாவைத் தரையிலும் மல்லாக்கப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். அப்பா தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுபவர். அம்மாவிடம் தோற்கக் கூடாது என்று முகம் சிவக்கச் சிவக்க மூச்சைப் பிடித்தார். அம்மாவும் விடுவதாக இல்லை. இட்லி மாவு கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, இருவரும் அசையாமல் கிடப்பதையும் நான் நடுவில் கைப்பேசியில் விநாடி எண்ணிக்கொண்டு நிற்பதையும் பார்த்து, "ஐயோ, இன்னாடி ஆச்சு!" என்று அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் காலை முதல் நோயாளி, பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. ஒரு வாரமாக வந்துகொண்டிருப்பவர். வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு மேசையில் படுத்தார். தோலில் வைத்திருந்த சின்னக் கறுப்புப் புள்ளிகள் மேல் லேசர் கோடுகள் சரியாக விழும்படி அவரை நகர்த்திக்கொண்டிருந்தேன். "இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"இன்னிக்கு நீ பேசப்போறியா கண்ணு?"

"ஆமாக்கா. முதல் தடவை."

"பயப்படாத. நான் கீறேன்ல."

வெளியே வந்து மைக்கை அழுத்தினேன். "மூச்சை இழுங்க." திரையில் அவருடைய மூச்சுக்கோடு ஏறியது. ஏறி, சரியான அளவைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள் போனது. "பிடிங்க." கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நின்றது. மேடம் பொத்தானை அழுத்தினார். புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்ததுதான். ஆனால் நான் சொல்லி, அந்தச் சுவருக்குப் பின்னால் ஓர் இதயம் நகர்ந்திருக்கிறது! அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் இரைச்சல் நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

மேடம் என் தோளில் இடித்தார். அதற்குள் கோடு சரிந்து விழுந்தது. ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"இன்னா கண்ணு, தூங்கிட்டியா? நான் இங்க மூச்சப் புடிச்சிகினு கீறேன், நீ வுடச் சொல்லவே மாட்டேன்ற!"

அப்போதுதான் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. 'புஸ்' என்று விட்டேன். சிரித்து நான் பார்த்தே இராத மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். கேமராத் திரையில் அக்காவும் குலுங்கிக்கொண்டிருந்தார். கோடு மேலும் கீழும் துள்ளியது. அவர் அசைந்துவிட்டதால் நானும் மேடமும் கதவைத் திறந்து உள்ளே போய் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று.

"சிரிக்காதீங்கக்கா, புள்ளி நகருது."

"நீ என் மூஞ்சியப் பாக்காத. பாத்தா சிரிப்பு வருது."

மேடம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மூவரும் அடங்க இரண்டு மூன்று நிமிடம் ஆனது. பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் ஒவ்வொரு முறையும் "விடுங்க" என்பதைக் கத்தியே சொன்னேன்.

வளையல்களைப் போட்டுக்கொண்டே அக்கா மேடத்திடம், "நாளிக்கும் இந்தப் பொண்ணே பேசட்டும். ஆனா முழுசா பேசச் சொல்லு" என்றார். அவருடைய சிகிச்சை முடியும் நாள்வரை மைக் என்னிடமே இருந்தது.

மைக்கில் பேசிய அந்த முதல் நாள், வேலை முடிந்து பூந்தமல்லியில் பஸ் ஏறியதும் அப்பாவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். பட்டறைச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா, நான் இன்னிக்கு ஒருத்தங்க இதயத்த நகத்திட்டேன்!"

"இன்னாது? எத்த நகத்தின?"

"இதயம்ப்பா! இதயம்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "எந்த ஊரு பையன்மா?" என்று கேட்டார். கைப்பேசியில் அப்பா, "டேய், என் பொண்ணு எத்தையோ நகத்திட்டாளாம்டா!" என்று பட்டறை முழுக்கக் கூவிக்கொண்டிருந்தார்.