ஜெராக்ஸ் அக்கா

அந்த வங்கியில் மூன்றாம் கவுண்டரில் உட்காருகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று, கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் இன்னொன்று. இரண்டாவதுதான் நிலைத்தது: ஜெராக்ஸ் அக்கா.

வயதானவர்களையோ, நோயாளிகளையோ, விவரம் போதாதவர்களையோ யாராவது கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பணம் எடுக்கச் சீட்டு நீட்டினால் போதும், அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கூட வந்தவரின் அடையாள அட்டையை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்ப்பாள். இதற்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும், எதிரில் கடை இருக்கிறது, எடுத்து வந்துவிடுங்கள் என்பாள். அந்த ஜெராக்ஸ் எதற்கும் ஆகாது. சாயங்காலம் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவாள். ஆனால் கூட வந்த ஆசாமி சாலையைக் கடந்து, கடையில் நின்று, திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை நாடகமும். ஆள் வாசலைத் தாண்டியதும் கண்ணாடியருகே குனிந்து, கணக்குக்கு உரியவரிடம் கேட்பாள். "இந்தப் பணம் யாருக்கு? நீங்களா எடுக்கணும்னு நினைச்சீங்களா?"

கை நடுங்கும் கிழவர் ஒருவர், சீட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்றே தனக்குத் தெரியாது, எழுதியது மருமகன் என்றார். பக்கவாதத்தில் பேச்சுப் போன ஒரு தையல்காரி, தலையை மட்டும் இடவலமாக ஆட்டினாள். அன்று மேலாளர் அறையில் அக்கா போட்ட சத்தம் தெருவரை கேட்டது. தையல்காரியின் பணம் ஒரு காசு குறையாமல் கணக்கிலேயே இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் இவளுக்கு மாதாமாதம் கமிஷன் தருகிறார் என்று கிளையில் கேலி பேசுவார்கள். இரண்டாம் கவுண்டருக்கு மாற்றலாகி வந்தவர்தான் கேலியில் முதல் ஆள். மூன்றே மாதத்தில் அவரும் ஆட்களை எதிர்க் கடைக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார். வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இந்த ரகசியம் தெரியாது. அவள் வீட்டாருக்கும்தான்.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. அறிவு எட்டு வயதோடு நின்றுவிட்டது என்று ஒரு டாக்டர் எப்போதோ சொன்னார். டாக்டர் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மூலை பிசகாமல் மடிக்க இந்த மனிதரை விட்டால் ஆள் கிடையாது. இருபத்து நான்கு வருடமாக அதுதான் வேலை. சம்பளம் தங்கையின் வங்கிக்கே வரும். தன் பெயரை எழுதுவார், தொகையைப் படிக்க வராது.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சலவைக்கூடத்துக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கென்று ஒற்றை அறைகள் கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று வேண்டும். முன்பணம் பெரிய தொகை. அதற்காகவே அவர் சம்பளத்தில் கொஞ்சத்தை வைப்புநிதியில் போட்டு, மீதியைச் சேமிப்பில் விட்டுவைத்தாள் ஜெராக்ஸ் அக்கா. இரண்டும் சேர்ந்தால் இந்த வருடம் அறை கிடைத்துவிடும் என்று அவரிடம் சொல்லியும் இருந்தாள். அவர் அதைச் சலவைக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

அப்பா அம்மா போனபின் அவரைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவள் சின்னவள், இவர்களின் கடைசித் தங்கை. பெரியவளான ஜெராக்ஸ் அக்காவின் வீட்டிலோ இரண்டே அறை, ஒன்றில் மாமியார் படுத்த படுக்கை. "அண்ணன் எங்கூட இருக்கட்டும்க்கா" என்று சின்னவள் தானாகச் சொன்னபோது, அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நன்றிதான் கண்ணை மறைத்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை சின்னவள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் கவுண்டருக்கு வருவாள். அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிச் சிரிப்பார். வீட்டுச் செலவு, மருந்துச் செலவு என்று சின்னவள் சீட்டை நீட்டுவாள். சொந்தத் தங்கையை யாராவது ஜெராக்ஸ் எடுக்க அனுப்புவார்களா? அக்கா முத்திரை குத்தி, பணத்தை எண்ணித் தங்கை கையில் கொடுத்துவிடுவாள். தொகை ஏறிக்கொண்டே போனது. விலைவாசி அப்படி என்றாள் சின்னவள். கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று அக்கா ஒருநாளும் திரையில் தேடவில்லை. ஊரார் கணக்கையெல்லாம் தோண்டித் துருவுகிறவள், கூடப்பிறந்தவள் விஷயத்தில் அது மரியாதையில்லை என்று நினைத்தாள். ஆறு வருடம்.

ஒரு வியாழக்கிழமை அவள் பல் பிடுங்க விடுப்பு எடுத்தாள். முந்தின நாளே சின்னவளுக்குப் போனில் சொல்லியிருந்தாள். பார்த்துப் போயிட்டு வாக்கா, வலிக்காம ஊசி போடச் சொல்லு என்று சின்னவளும் அக்கறையாகப் பேசினாள். அந்த வியாழன் காலை வங்கி திறந்ததும் திறக்காததுமாக, அதே சின்னவள் அண்ணனோடு இரண்டாம் கவுண்டரில் நின்றாள். வைப்புநிதியை உடைத்து முழுப் பணமும் வேண்டுமாம்.

இரண்டாம் கவுண்டர்க்காரருக்கு அவர்கள் யார் என்று தெரியும். தெரிந்தேதான் அனுப்பினார் ஜெராக்ஸுக்கு.

வெள்ளிக்கிழமை, வீங்கிய கன்னத்தோடு வந்த அக்காவைச் சாப்பாட்டு அறைக்குள் கூப்பிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார். பணம் யாருக்கு என்று கேட்டதும் அண்ணன் கொஞ்சநேரம் வாசலையே பார்த்தாராம். பிறகு சொன்னாராம், "சின்னவ வீட்டு மாப்பிள்ளை கடைக்கு. பெரியவகிட்டச் சொல்லக்கூடாது. சொன்னா அவ வேலை போயிடும்." கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சாக்குச் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"உங்க வீட்டு ஆளுங்கன்னு யோசிச்சேன் மேடம். ஆனா நீங்க வெச்ச வழக்கமாச்சே," என்றார்.

அவள் ஆறு வருடக் கணக்கை அச்செடுத்தாள். அறைக்கென்று இருந்த சேமிப்பு சுத்தமாக வழித்தெடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் மூன்றாம் கவுண்டர் முத்திரை, கீழே அவளுடைய கையெழுத்து.

அன்று சாயங்காலமே சின்னவள் வீட்டுக்குப் போனாள். சின்னவள் மழுப்பவில்லை, அதுதான் அக்காவை இன்னும் கொதிக்க வைத்தது. ஆறு வருடம் சோறு போட்டது யார், துணி துவைத்தது யார், நீ மாதத்தில் ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி என்று சரமாரியாகக் கேட்டாள். கேட்டதில் உண்மையும் இருந்தது.

"சோத்துக்கு எடுத்திருந்தா நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்டி," என்றாள் அக்கா. "அவரோட ரூமை எடுத்துட்ட. என் பேரைச் சொல்லியே அவர் வாயையும் கட்டிட்ட."

அதன்பிறகு பேச என்ன இருக்கிறது? திங்கட்கிழமை மேலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். பணத்தை எடுத்தவள் பெயரும், ஆறு வருடம் கேள்வி கேட்காமல் கொடுத்தவள் பெயரும் அதில் இருந்தன. விசாரணை வரும், பதவி உயர்வு போகும் என்று மேலாளர் எச்சரித்தார். வரட்டும் என்றாள்.

சலவைக்கூடத்துக்குப் போனபோது அண்ணன் மடித்துக்கொண்டிருந்தார். விரிப்பின் மறுமுனையை அவள் பிடித்தாள். வேலை போகாது, அது பொய் என்று முதலில் சொன்னாள். பிறகு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா என்றாள்.

அவர் மூலையோடு மூலை சேர்த்தார். "நீ எல்லாரையும் கேப்ப. கை நடுங்குற தாத்தாவைக் கேட்ட. நான் பின்னாடிதான் நின்னேன், சின்னவ அங்க உக்காந்து சீட்டு எழுதிக்கிட்டிருந்தா. அடுத்து என்னைக் கேப்பேன்னு நினைச்சேன்."

அவள் கையிலிருந்த முனையையும் அவரே வாங்கி மடித்தார்.

"நீ கேக்கல. நீயும் அவளும் ஒண்ணுன்னு நினைச்சிக்கிட்டேன்."

குறைகிற பணத்தைத் தான் போடுவதாகச் சொன்னாள், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னாள், அதற்கும் அதே தலையாட்டல். கூட மடிக்கிறவர் ஒருவரின் வீட்டு மாடியில் ஒரு கட்டிலுக்கு இடம் கிடைத்தது, அங்கே போய்விட்டார்.

அடுத்த மாத முதல் சனிக்கிழமை அண்ணன் தனியாக வங்கிக்கு வந்தார். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. வரிசை நகர்ந்தது. அவர் முறை வந்தபோது மூன்றாம் கவுண்டர்தான் காலியாக இருந்தது. "வாண்ணா," என்றாள்.

அவர் பின்னால் நின்றவரிடம் முதலில் போகச் சொன்னார். அவருக்கும் பின்னால் நின்ற அம்மாளையும் போகச் சொன்னார். இரண்டாம் கவுண்டர் காலியானதும் அங்கே போய்ச் சீட்டைக் கொடுத்தார். உள்ளே இருந்தவர் சங்கடத்தோடு அக்காவைப் பார்த்துவிட்டு, மெதுவாக என்னவோ கேட்டார்.

அண்ணன் திரும்பித் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அவளுக்குக் கேட்காதபடி கண்ணாடிக்கு அருகில் போய், குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார்.