அந்த நோயாளிக்கு இப்போ எப்படி இருக்கு?

என் அக்காவுக்கு விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை. நடக்க முடியாத பயணிகளை வாசலில் உட்கார வைத்து, சோதனையெல்லாம் தாண்டி, விமானத்தின் கதவுவரை கொண்டுபோய் விடுவாள். அங்கே அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர். வீட்டிலும் அப்படித்தான். கடையில் தள்ளுவண்டி அவள் கைக்குப் போனால் எதிரே வருகிறவர்கள் தானாக ஒதுங்கிவிடுவார்கள், பின்னாலேயே ஓடி எனக்குத்தான் மூச்சு வாங்கும். கல்யாணமே வேண்டாம் என்று அவளும், பண்ணிப் பார்த்துவிட்டுப் போதுமடா சாமி என்று நானும், ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறோம். நான் மருந்துக் கடையில் பில் போடுகிறேன். கால்களை அவளுக்கும் வாயை எனக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா எங்களைப் பெற்றிருக்க வேண்டும்.

அவள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவரை உட்கார வைத்தால், போக வேண்டிய இடத்தில்தான் எழுப்ப வேண்டும். நடுவழியில் எழுப்பவே கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அக்கா முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

அவளாகவே கவனித்த விஷயம் இன்னொன்றும் உண்டு. சக்கர நாற்காலியில் போகிறவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எதிரே வருகிறவர்கள் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள். "மரியாதையோ பயமோ தெரியலடி," என்பாள். இதை ஒரு நாள் டீ குடிக்கும்போது மேலதிகாரியின் காதுபடச் சொல்லிவைத்தாள். சும்மா இருந்திருக்கக் கூடாதா? அன்றைக்கென்று பார்த்து என் வாயை எதற்கு இரவல் வாங்கினாளோ!

போன வருடம் ஒரு விடுமுறை நாள், நல்ல கூட்டம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். ஆயுசு பூராவும் நின்றே வேலை பார்த்து முழங்கால் இரண்டும் போய்விட்ட மனிதர். மகள் இருக்கும் ஊரில் அவர் மனைவிக்கு அன்று மாலை இதய ஆபரேஷன்.

"மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சியைக் காட்டிடணும்மா. அவ சரியான பயந்தாங்கொள்ளி. நீங்க வந்தாத்தான் உள்ள போவேன்னு அடம் பிடிக்கறா," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

அதே நேரத்தில் ஒரு பெரிய நடிகர் வந்து சேர்ந்தார். பெரிய மனிதர்களுக்கென்று அங்கே தனி வழி, தனி அறை, பெட்டி தூக்கத் தனி ஆள் எல்லாம் உண்டு. அன்றைக்குத் தனி வழியில் பழுது வேலை. பொது வழியில் நடந்தால் கூட்டம் மொய்த்துவிடும். நாற்காலியில் போகிறவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்று அக்கா சொன்னது மேலதிகாரிக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை. நேராக அக்காவிடம் வந்தார்.

"எக்ஸ்பிரஸ், இவரைக் கொஞ்சம் அந்த பெஞ்சுல உக்கார வை. அஞ்சு நிமிஷ வேலைதான்."

"சார், இவருக்கு நேரமாகுது..."

"நான் பாத்துக்கறேன். நீ வா."

பக்கத்தில் நடிகர் தொப்பி, முகக்கவசம், போர்வை என்று மூடிக்கொண்டு குனிந்து நின்றிருக்கிறார். கண்டக்டர் அவரைப் பார்த்ததும் பதறிப்போய்த் தானே எழுந்திருக்கப் பார்த்தார்.

"அடடா, பாவம்! என்னைவிட முடியாதவர் போலிருக்கே. முதல்ல அவரைக் கூட்டிட்டுப் போம்மா."

அக்காதான் கைகொடுத்து அவரை எழுப்பினாள்.

அவள் சொன்னது பலித்துவிட்டது. அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட அந்த முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிக் கோடியில் அவருக்காக விமானத்தின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நடிகர் துள்ளி எழுந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "பிரமாதம்மா!" என்று சிரித்தாராம். இவளும் சும்மா வந்தாளா? "என் தங்கச்சி உங்க படம் ஒண்ணு விடமாட்டா சார்," என்று சொல்லி அவரோடு நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அது கலங்கலாக வந்ததால் இன்னொன்று. அந்த இரண்டாவது படம்தான் அவளை இன்னமும் அரிக்கிறது.

ஓட்டமாய்த் திரும்பி வந்தால் பெஞ்சு காலி. பாத்துக்கறேன் என்ற மேலதிகாரியைக் காணோம். கண்டக்டர் தனியாக நடக்கத் தொடங்கி, பாதி வழியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அள்ளி உட்கார வைத்துப் பறந்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

"தப்பு என்னோடதுங்க, இவர்மேல இல்ல. தயவு செஞ்சு தொறங்க," என்று கெஞ்சியிருக்கிறாள். சாத்தினால் சாத்தினதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அடுத்த விமானத்தில்தான் போனார். அதற்குள் அந்தம்மாவை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இவ்வளவையும் அக்கா என்னிடம் சொன்னாள். நான் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அது கெடக்கட்டும், அவர் நேர்ல எப்படி இருக்கார்?"

என்னையே பார்த்தாள். எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள். நான் படத்தை என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் அவளாகவே இல்லை. டிவியில் அந்த நடிகர் வந்தால் எழுந்து போய்விடுவாள். சாப்பிடும்போது திடீரென்று, "அந்தம்மா பொழைச்சிருப்பாங்களாடி?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"எழுப்பச் சொன்ன அதிகாரியே நிம்மதியாத் தூங்கறான். உனக்கென்ன வந்துது?" என்று கத்துவேன்.

"அவன் சொன்னான். எழுப்பினது என் கை," என்பாள்.

போன வாரம் அதே கண்டக்டர் வந்தாராம். அக்கா வேறு பெண்ணை அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாளாம். கடைசியில் அவளே போய் நாற்காலியைப் போட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"நீதானேம்மா அன்னைக்கு வந்த பொண்ணு? அவசரமாக் கூட்டிட்டுப் போனியே, அந்த நோயாளிக்கு இப்போ எப்படி இருக்கு?"

அக்கா சுற்றி வந்து அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் நோயாளியே இல்லைங்கய்யா," என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். படம் எடுத்ததைக்கூட விடவில்லை.

அவர், "பொழைச்சுட்டா," என்றார். "ஆனா கதவையே பாத்துக்கிட்டு உள்ள போனாளாம். இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி அழறா. நாற்காலியை ஒரு நோயாளிக்குக் குடுத்துட்டேன்னு நான் சொன்னா, என்னத்துக்குப் பொய் சொல்றீங்கங்கறா. நீயே சொல்லிடும்மா."

மனைவியை போனில் கூப்பிட்டு, இருவருக்கும் கேட்கும்படி வைத்து நீட்டினார்.

அக்கா நடிகரின் பெயர் உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "உங்க வீட்டுக்காரர்மேல தப்பே இல்லம்மா. எல்லாம் நான் பண்ணினது. மன்னிச்சுடுங்க," என்றாள். எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று காத்திருந்தாள்.

"அவரா! நெசமாவா? நேர்ல எப்படிம்மா இருக்கார்?" என்றது அந்தக் குரல்.

கண்டக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

"நல்லாத் திட்டுவாங்கன்னு நெனைச்சேன்டி. திட்டியிருந்தா நிம்மதியாப் போயிருக்கும்," என்று நேற்றுகூட அழுதாள்.

"நீ என்ன பதில் சொன்னே?" என்று கேட்டேன்.

"வேற என்னத்தைச் சொல்ல? சினிமால பாக்கறதைவிடக் கொஞ்சம் குட்டைம்மான்னேன்."

போன வருடம் நான் கேட்டதற்கு ஒரு வழியாகப் பதில் கிடைத்துவிட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.