நான் துடைத்த பசை

கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் நெருங்கினால் எங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டில் தூசிக்கு இடமில்லை. திரைச்சீலை தோய்த்து, விசிறி இறக்கை வரை துடைத்தால்தான் அம்மாவுக்கு மனம் ஆறும். அந்தக் குணம் எனக்கும் அப்படியே ஒட்டியிருக்கிறது. அழுக்கைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

அந்த வருடம் தங்கச்சியின் கணினியையும் நான் விட்டுவைக்கவில்லை. மறுநாள் அவள் வீட்டிலிருந்தே இணையம் வழியாக அதில்தான் ஆங்கிலத் தேர்வு எழுதவிருந்தாள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் தருவதாகச் சொன்ன பல்கலைக்கழகம் அந்தப் புள்ளிகளைத்தான் கேட்டிருந்தது. அனுப்பக் கடைசி நாளும் நெருங்கிவிட்டது. நல்லது செய்வதாக நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். விசிறியையும் அதன் கீழிருந்த அலுமினியக் கட்டியையும் கழற்றியபோது, புரொசசரின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பிக் கிடந்தது. பழைய கிரீஸ் என்று முடிவுகட்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் பளிச்சென்று தேய்த்துத் திரும்பப் பொருத்திப் பூட்டினேன். போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. எனக்கு ஒரே பெருமை.

தேர்வு தொடங்கிக் கால் மணி நேரத்தில் திரை அணைந்தது. மீண்டும் போட்டாள், மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறை, கமரா வழியே கண்காணித்தவர் தேர்வையே ரத்துச் செய்துவிட்டார். கடைசி நாளுக்குள் வேறு தேர்வு நாள் கிடைக்கவில்லை. அவள் அழவில்லை. "நான் போறது ஆண்டவருக்கு விருப்பமில்லைப் போல" என்றாள். அவள் போகக்கூடாதென்று நேர்த்தி வைத்திருந்த அம்மா மெல்லத் தலையாட்டினார்.

நத்தார் முடிந்ததும் பெட்டியை வெள்ளவத்தையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் அழைப்போம்) திறந்து பார்த்துவிட்டு, நடுவில் இருந்த பசை எங்கே என்று கேட்டார். புரொசசரின் சூட்டை அலுமினியத்துக்குக் கடத்துவதே அந்தப் பசைதானாம். "அது இல்லாட்டி சூடு எங்க போற, தம்பி?" என்றார். பட்டாணியளவு புதுப்பசை வைத்து மூடித் தந்தார். யார் துடைத்தது என்று அவர் கேட்டதற்கு, தெரியாது என்றேன்.

வீட்டிலும் நான் வாய் திறக்கவில்லை. தங்கச்சி பக்கத்துத் தெருப் பாலர் பாடசாலையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அவள் முழந்தாளிட்டு அமைதியாகச் செபிப்பாள். பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கும். என் பிழையை ஆண்டவர் தலையில் போட்டுவிட்டு அவருக்கு முன்னாலேயே நின்றேன்.

அடுத்த வருட விண்ணப்பம் திறந்தது. அவள் எட்டியும் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஆண்டவர் வேண்டாமென்றதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. துணி, ஸ்பிரிட், கடைக்கார நானா, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப ஆண்டவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். "பத்து மாசமா நீங்கதான் அண்ணா சொல்லாம இருந்திருக்கிறீங்க."

பிறகு கணினியைப் போட்டு விண்ணப்பத்தைத் திறந்தாள்.